மாங்காய் சீசன் காசும் மாதம் ஆயிரமும்: 17 வயதுப் பையனை வரவு செலவு பார்க்க எப்படிப் பழக்குவது?

தோப்புவீட்டம்மா (காவேரிப்பட்டணம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள்தான் நான், எழுதுவது இப்போதுதான். பையனுக்கு இன்னும் சில மாதத்தில் 18 ஆகும். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் பி.காம் முதல் வருடம். பி.காம் படிக்கிறவனுக்கா கணக்கு சொல்லித் தரவேண்டும் என்று சிரிக்க வேண்டாம். டெபிட், கிரெடிட் எல்லாம் நன்றாகத்தான் போடுகிறான், சொந்தப் பாக்கெட் என்று வரும்போதுதான் ஒன்றும் நிற்பதில்லை.

பரீட்சை முடிந்து சும்மா இருக்க வேண்டாமே என்று மாங்காய் மண்டியில் எடைச்சீட்டு எழுதப் போனான். சீசன் முடியும்போது கையில் பன்னிரண்டாயிரமாவது இருந்திருக்க வேண்டும், இருந்தது ஆயிரத்துச் சொச்சம். எங்கேடா போச்சு என்றால் இயர்பட்ஸ், ஷூ, ஒகேனக்கல் டூர், நண்பன் பிறந்தநாள், அதற்கு மேல் அவனுக்கே தெரியவில்லை. சரி, அவன் உழைத்த காசு, போகட்டும். இப்போது தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவன் கணக்கில் ஏறுகிறது. அதை வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறான். புது போன் தவணையில் எடுப்பானாம், மாதத் தவணையை அந்த ஆயிரத்தில் கட்டிவிடுவானாம், "உங்ககிட்ட ஒரு ரூபா கேக்க மாட்டேம்மா" என்கிறான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் வீட்டு நிலவரமும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் தோப்பு குத்தகைக்கு எடுக்கிறார். இரண்டு மாடு, சொசைட்டிக்குப் பால். நான் தையல். பெரிய காசு என்று வந்தால் மே, ஜூன், ஜூலையில்தான், அதுவும் 2025ல் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்த விழுகையில் பறிகூலி கொடுத்தாலே போதும் என்று ஆகிவிட்டது. யூடியூபில் 50-30-20 என்று ஒருவர் சொல்கிறார், தேவைக்குப் பாதி, ஆசைக்கு முப்பது, சேமிப்புக்கு இருபது என்று. முதல் தேதி சம்பளம் வருகிறவர்களுக்கு அது சரி. வருமானமே மாதாமாதம் வராத வீட்டில் எந்த நூறை நான் ஐம்பதாகப் பிரிப்பது?

அவரைக் கேட்டால் "நாலு காசு சம்பாதிச்சா தானா தெரியும், விடு" என்கிறார். தானாகத் தெரியவில்லை என்பதைத்தான் மண்டிக் காசில் பார்த்தோமே. பின்னால் எட்டாவது படிக்கிற மகள் வேறு இருக்கிறாள், எல்லாம் அண்ணனைப் பார்த்துத்தான். நோட்டு வாங்கி எழுதச் சொல் என்பதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள். நோட்டு மூன்று பக்கத்தோடு நின்றுவிட்டது.

ஒசூர்_சி_ஷிப்ட்

அக்கா, முதலில் அந்த போன். 18 முடியாதவன் போட்ட கையெழுத்து சட்டப்படி செல்லாது, அதனால் எந்த பைனான்ஸ்காரனும் தம்பி பேரில் கடன் தரமாட்டான். உங்கள் பேரிலோ மாமா பேரிலோதான் ஆதார், பான் எல்லாம் கேட்பார்கள். அப்புறம் ஒரு மாதம் அந்த ஆயிரம் நாலு நாள் தள்ளி ஏறினால் தவணை பவுன்ஸ் ஆகும், அதற்கு ஒரு அபராதம், வங்கி தனியாக ஒன்று பிடிக்கும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் ஸ்கோர் அடிவாங்குவது மாமாவுக்கு. தோப்புக்கு உரம் வாங்க லோன் கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். "ஒரு ரூபா கேக்க மாட்டேன்" என்று அவன் சொல்வது மனதார உண்மையாக இருக்கலாம், ஆனால் கடன்காரர் நீங்கள்.

வேண்டாம் என்று நீங்கள் சொல்வதைவிட அவனையே கணக்கு போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 15,000 ரூபாய் போன். முன்பணம் 2,000, பைல் சார்ஜ் 500, மாதம் 1,250 வீதம் 12 மாதம். மொத்தம் 17,500. கடைக்காரர் வாயில் வருவது 1,250 மட்டும்தான், 17,500 என்பதை அவர் எங்கேயும் சொல்லமாட்டார். அதோடு தவணையே ஆயிரத்தைத் தாண்டுகிறது, ரீசார்ஜுக்கு யார் தருவது?

நம் பக்கம் வட்டியைச் சொல்கிற விதமும் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. மூன்று ரூபாய் வட்டி என்றால் காதுக்கு என்னவோ மூன்று சதவீதம் போலக் கேட்கும். நூற்றுக்கு மாதம் மூன்று, அப்படியென்றால் வருடத்துக்கு 36. எங்கள் பிளாண்டில் சேர்கிற பசங்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள், டிப்ளமோ முடித்தவர்கள்தான்.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவையுங்கள், மூன்று வருடத்தில் அவனும் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம்தான் வருவான். சம்பளம் 18,000 என்று சொல்லிச் சேர்ப்பார்கள். பேசிக்கில், அதாவது அடிப்படைச் சம்பளத்தில், 12 சதவீதம் பிஎஃப் என்கிற சேமநிதிக்குப் போகும், மொத்தச் சம்பளத்தில் முக்கால் சதவீதம் இஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீட்டுக்குப் போகும், கேன்டீன், பஸ் என்று எதையாவது பிடிப்பார்கள். கையில் வருவது வேறு. புதுசாகச் சேரும் பசங்க 18,000 என்று நினைத்தே பைக் தவணை, ரூம் வாடகை எல்லாம் கமிட் ஆகிவிடுகிறார்கள், இருபதாம் தேதி வந்தால் "அண்ணா, ஐந்நூறு இருக்குமா?" நான் கேன்டீனுக்கு இருபதாம் தேதிக்கு மேல் போவதையே குறைத்துக்கொண்டேன்.

பாலக்கோடு வணிகவியல் வாத்தியார்

மேலே தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் போனை ஒரேயடியாக மறுத்துவிட்டு பட்ஜெட் பாடம் எடுத்தால் ஒரு பையனும் காது கொடுக்கமாட்டான், வகுப்பில் தினமும் பார்க்கிறேன். போன் வேண்டும் என்ற ஆசைதான் அவனைக் கணக்கு போட வைக்கப்போகும் ஒரே விஷயம், அதை அணைத்துவிடாதீர்கள் அம்மா. எந்தப் பாதையில் வாங்குவது என்பதை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் உண்மையான கேள்வி மாத வருமானம் இல்லாத வீடு பற்றியது, அதற்கு வருகிறேன். எங்கள் பக்கம் தக்காளி. ஒரு வாரம் ஒரு பெட்டி விற்றுக் கைநிறைய வரும், அடுத்த வாரம் பறிகூலியும் வண்டி வாடகையும் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிடுவார்கள். இந்த ஊரில் வந்து மாத பட்ஜெட் என்றால் யார் கேட்பார்கள்? நான் மாணவர்களிடம் சொல்வது, காசு வருகிற மாதத்தை விட்டுவிடு, காசு வராத மாதங்களை எண்ணு. மண்டிக் காசு ஜூலையில் முடிகிறது, அடுத்த சீசன் மே. நடுவில் ஒன்பது மாதம். பன்னிரண்டாயிரத்தில் முதலில் தேதி தெரிந்த செலவுகளை எடுத்துவிட வேண்டும்: பரீட்சைக் கட்டணம், புத்தகம், தீபாவளித் துணி. அவை மூவாயிரம் என்று வையுங்கள். மீதி ஒன்பதாயிரத்தை ஒன்பதால் வகுத்தால் மாதம் ஆயிரம். அதுதான் அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் சம்பளம். பன்னிரண்டாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவன் பணக்காரன் மாதிரிதான் செலவழிப்பான், பெரியவர்களும் அப்படித்தான். மாதம் ஆயிரம் என்று தெரிந்தவன் ஷூ விலையைப் பார்த்து நின்று யோசிப்பான்.

அடுத்த சீசனுக்குத் திட்டம் போடும்போது நல்ல வருட விலையில் போடக் கூடாது. மா ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் இளைப்பாறுகிற மரம், உங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித்தருவார்கள். மோசமான வருடத்தில் எவ்வளவு வந்ததோ அதில் செலவைப் போட்டுவிட்டு, மேலே வருவதை மிச்சம் என்று வைக்கச் சொல்லுங்கள். குத்தகைக் கணக்கை மாமா போடும்போது பையனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். மருந்து அடித்த செலவு, காவல் கூலி, பறிகூலி, வண்டி, மண்டி கமிஷன், கடைசியில் என்ன நின்றது என்று அவன் கையாலேயே எழுதட்டும். பி.காம் மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சேமிப்புக்கு அஞ்சலக ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு, நல்லதுதான், மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஆனால் ஐந்து வருடம். இந்த வயதில் ஐந்து வருடம் என்பது அடுத்த ஜென்மம். வங்கியில் ஒரு வருட ஆர்.டி. போடச் சொல்லுங்கள், முடிகிற மாதம் அவன் போன் வாங்குகிற மாதமாக இருக்கட்டும்.

ஒரு ஓரக் கேள்வி: கல்லூரிக்கு எதில் போகிறான்? வண்டியில் என்றால் உடனே நிறுத்துங்கள். 18 முடியாதவன் ஓட்டி மாட்டினால் வண்டி யார் பொறுப்போ அவருக்கு 25,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கும்போது இந்த ஒரு செலவு நின்றாலே பாதி பட்ஜெட் சரியாகிவிடும்.

குழு அக்கா, பென்னாகரம்

வாத்தியார் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மறுப்பு. வகுத்து, எழுதி, அதெல்லாம் இருக்கட்டும். பிள்ளைக்கு நாம் கொடுக்கிற காசெல்லாம் ஆசைச் செலவுக்குத்தான் கொடுக்கிறோம். சோறு நாம் போடுகிறோம், பீஸ் நாம் கட்டுகிறோம், ரீசார்ஜ் அப்பா பண்ணுகிறார். அப்போ அவன் கையில் இருக்கிற ஆயிரம் தீர்ந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லை. தீர்ந்தால் ஏதாவது ஒன்று நிற்க வேண்டும், அப்போதுதான் கை தானாக இறுகும்.

நான் மகளுக்குச் செய்தது இதுதான், அவளுக்கு 16. அவள் ரீசார்ஜ், நோட்டு, ஹேர் ஆயில், துணிமணி எல்லாவற்றுக்கும் நாங்கள் வருடத்துக்கு என்ன செலவழிக்கிறோமோ அதை மாதமாகப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் இதெல்லாம் உன் பொறுப்பு என்றேன். கூடுதலாக ஒரு ரூபாய் இல்லை, நாங்கள் செலவழித்ததுதான். முதலில் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். ரீசார்ஜ் 28 நாள்தான், அப்படியென்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை. இத்தனை வருடமும் நாங்கள் யாரும் அதை எண்ணியதில்லை. அப்புறம் வருட பிளான் போட்டால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாள், அதற்கு மொத்தமாகக் காசு வேண்டுமே என்று நாலு மாதம் சேர்த்தாள். நான் ஒன்றுமே சொல்லவில்லை.

கரண்ட் பில்லும் அவளிடம்தான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள சலுகை ரேட்டும் போய்விடும் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. ஒரே ஒரு யூனிட் கூடினாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும். எங்கள் வீட்டில் கிரைண்டர், மோட்டார் எல்லாம் சேர்ந்து வெயில் காலத்தில் அந்தப் பக்கம் போகும். ரீடிங் எடுக்க வருவதற்கு முன்னாலேயே மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து அவள் அப்பாவை அதட்டுகிறாள், பார்க்கவே நன்றாக இருக்கிறது.

தங்கச்சி, பையன் கையில் ஆயிரம் வருகிறது இல்லையா, இந்த மாதமே ரீசார்ஜும் துணியும் பரீட்சைக் கட்டணமும் அவன் தலையில் ஏற்றுங்கள். நடுவில் தீர்ந்துவிட்டது என்று வருவான். அப்போது கொடுத்துவிடக் கூடாது, அதுதான் கஷ்டம். நம் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் தவணை தவறினால் அத்தனை பேர் முன்னாடி எழுந்து பதில் சொல்ல வேண்டும், அந்தப் பயத்திலேயே கட்டிவிடுகிறோம். வீட்டில் அம்மாதானே, பயம் எங்கிருந்து வரும்?

செகண்ட் இயர் தர்மபுரி

நானும் அந்த ஆயிரம் வாங்குகிற ஆள்தான் ஆன்ட்டி, அதனால் பசங்க பக்கத்திலிருந்து சொல்கிறேன். காசு போவது பெரிய பொருளில் இல்லை. ஷூ, இயர்பட்ஸ் எல்லாம் நீங்கள் கண்ணால் பார்ப்பது. நிஜமாகப் போவது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ, பப்ஸ், ஜூஸ், "டேய் நீ போடு நான் அப்புறம் தரேன்", பிறந்தநாள் ட்ரீட். எங்கள் கிளாஸில் அறுபது பேர், மாதம் நாலைந்து பிறந்தநாள் வந்துவிடும். ட்ரீட் வைக்காதவனை வருஷம் முழுக்க ஓட்டுவார்கள். இதை எந்த நோட்டிலும் எழுத முடியாது, எழுதினால் அம்மா பார்ப்பார்கள்!

நான் செய்வது ஒன்றே ஒன்று. ஸ்காலர்ஷிப் ஏறும் கணக்கை ஜிபேவில் சேர்க்கவே இல்லை. இன்னொரு கணக்கு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதில் 200 மாற்றிக்கொள்வேன், ஜிபே அதில் மட்டும்தான். ஸ்கேன் பண்ணும்போது பேலன்ஸ் 40 என்று காட்டினால் யாருக்கும் ட்ரீட் வைக்க முடியாது, பொய்யும் சொல்ல வேண்டாம். ஏடிஎம்மில் அடிக்கடி நூறு நூறாக எடுப்பதும் வேண்டாம். எங்கள் ஊர் மாதிரி இடத்தில் வேறு வங்கி ஏடிஎம் மாதம் ஐந்து தடவைதான் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், வரி தனி. நூறு எடுக்க இருபத்து மூன்று!

அம்மா போனிலிருந்தே பையனுக்கு யூபிஐ பகிரும் வசதி, யூபிஐ சர்க்கிள், 2024ல் வந்தது. ஒவ்வொரு பேமெண்ட்டுக்கும் அம்மா ஓகே கொடுக்க வேண்டும் என்றும் வைக்கலாம், மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்தும் விடலாம். முதல் வகை வேண்டாம் ஆன்ட்டி, ப்ளீஸ். டீக்கடையில் நின்றுகொண்டு அம்மா ஓகே சொல்வதற்குக் காத்திருப்பதைவிட அவன் பட்டினியே கிடப்பான்.

இன்னொன்று சீரியஸாக. காசு கட்டி விளையாடும் ஆன்லைன் கேமை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது, ஆனாலும் டெலிகிராமில் லிங்க் சுற்றுகிறது. அதைவிட மோசம், "உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாசம் மூவாயிரம் தரோம்" என்று காலேஜ் வாசலிலேயே கேட்பார்கள். மோசடிக் காசைப் போட்டு எடுப்பதற்குத்தான் அது. அக்கவுண்ட் யார் பேரில் இருக்கிறதோ அவனைத்தான் போலீஸ் தேடி வரும். காசு தட்டுப்பாட்டில் இருக்கிறவன்தான் இதில் மாட்டுவான், அதனால் தீர்ந்துவிட்டது என்று தம்பி வந்து சொன்னால் திட்டாதீர்கள். கொடுக்காமல் இருங்கள், ஆனால் திட்டாதீர்கள்.

பாலக்கோடு வணிகவியல் வாத்தியார்

தம்பி சொன்ன கடைசி வரியை எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டும். வங்கிக் கணக்கு பற்றி ஒரு சேர்க்கை: 10 வயது முடிந்தவர் தன் சேமிப்புக் கணக்கைத் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடி தெளிவாகச் சொன்னது, எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளும். எட்டாவது படிக்கும் மகளுக்கும் இப்போதே திறக்கலாம். பையனுக்கு 18 ஆனதும் வங்கிக்குப் போய்ப் புதுக் கையெழுத்தும் கேஒய்சி என்கிற அடையாள, முகவரிச் சான்றும் கொடுக்கவேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் ஆயிரம் ஏறி உள்ளேயே நிற்கும், எடுக்க முடியாமல் அலைவான்.

தோப்புவீட்டம்மா

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. நேற்று ராத்திரி ஒசூர் தம்பி போட்ட கணக்கைப் படிக்காமல், போன் பேரை மட்டும் சொல்லி நீயே கடையில் கேட்டு எழுதிக்கொண்டு வா என்றேன். போய்க் கேட்டு வந்தான். பைல் சார்ஜை மட்டும் அவர்கள் சொல்லவில்லையாம், இவனாகக் கேட்டபிறகுதான் சொன்னார்களாம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "பழைய போனுக்கு பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும்னு கேட்டேன், 900தான்" என்றான். இப்போதைக்கு அது முடிவு. ரீசார்ஜ், துணி, பரீட்சைக் கட்டணம் மூன்றும் இந்த மாதத்திலிருந்து அவன் பொறுப்பு, ஜிபே கணக்கையும் தனியாகப் பிரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பஸ் பாஸ் இருக்கிறது ஐயா, ஆனால் அப்பா வண்டி சாவி மாட்டிய இடத்தில் எப்போதும் இருப்பதில்லை, அதையும் பார்க்கிறேன்.

ஒரு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. குத்தகைக் கணக்கை இவன் எழுதினால் நம் கடனெல்லாம் தெரிந்துபோகும், படிக்கிற பையன் மனசு கெட்டுவிடும் என்று அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவர் சொல்வதும் தப்பு என்று சொல்ல முடியவில்லை. உங்கள் வீடுகளில் கடனைப் பிள்ளைகளிடம் சொல்கிறீர்களா?

குழு அக்கா, பென்னாகரம்

தொகையைச் சொல்லுவோம், எப்போது முடியும் என்பதையும் சொல்லுவோம். யாரிடம் வாங்கினோம், அவர் வாசலில் வந்து என்ன பேசினார் என்பதைச் சொல்லமாட்டோம், அது நம்மோடு போகட்டும். மறைத்துவைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள் தங்கச்சி. நகை அடகுக்குப் போனது பீரோவைத் திறக்கிற பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? தொகை தெரியாவிட்டால் நிஜத்தைவிடப் பெரிதாக நினைத்துக்கொண்டு பயப்படும், இல்லாவிட்டால் நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துத் தவணையில் போன் கேட்கும். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இந்த வருடம் தோப்புக் கணக்கை விடுங்கள், பால் சொசைட்டிக் கணக்கை மட்டும் அவனிடம் கொடுங்கள். தீவனம் எவ்வளவு, பால் காசு எவ்வளவு, மாடு நமக்குத் தருவது எவ்வளவு என்று மூன்று மாதம் எழுதட்டும். அதில் கடன் ஒன்றும் வராது, ஆனால் கணக்கு முழுசாக இருக்கும்.

ஒசூர்_சி_ஷிப்ட்

அதில் சாணி விற்கிற காசையும் சேர்க்கச் சொல்லுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அது எப்போதும் கணக்கிலேயே வராது, அம்மா டப்பாவுக்குப் போய்விடும்.